பவுண்டுக்குப் பவுண்டு: சந்திக்கவே முடியாத வீரர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

2024 மே 6-ஆம் தேதி, டோக்கியோ டோம் அரங்கில் நவோயா இனோவே முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார். தொழில்முறைச் சண்டையில் அவர் விழுந்தது அதுதான் முதல்முறை. எழுந்து நின்றவர், ஆறாவது ரவுண்டில் லூயிஸ் நேரியைச் சாய்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் கழித்து ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், தன்னைவிட மிகப் பெரிய உருவமான டைசன் ஃபியூரியைப் புள்ளிக் கணக்கில் வென்றார். அந்த மாதம் முழுவதும் குத்துச்சண்டை ரசிகர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்: இந்த இருவரில் யார் பெரியவர்?

இனோவேயின் எடை எல்லை 122 பவுண்டு, அதாவது 55 கிலோ சொச்சம். உசிக்கின் எடை 100 கிலோவுக்கும் மேல். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் அதற்குப் பெயர் சண்டை அல்ல, விபத்து. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ரசிகர்களால் இருக்க முடிவதில்லை. அந்த ஒப்பீட்டுக்குத்தான் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்று பெயர். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர், பிறர் போட்ட பட்டியலை மனப்பாடம் செய்யாமல் தானே ஒன்றைப் போட்டு, அதற்குக் காரணமும் சொல்லக்கூடிய நிலைக்கு வருவது எப்படி என்பதை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதல் படி: எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள்?

'யார் சிறந்தவர்' என்ற இரண்டு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்றைய தேதியில் யார் சிறந்தவர் என்பது ஒன்று. மொத்த வாழ்க்கையையும் கணக்கில் எடுத்தால் யார் பெரியவர் என்பது இன்னொன்று. எல்லோரையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து மோதவிட்டால் யார் வெல்வார் என்பது மூன்றாவது. நான் பார்த்த வாக்குவாதங்களில் பாதிக்கு மேல், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாம் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்தவை. இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். சண்டை மட்டும் விடியும்வரை நடக்கும்.

இந்தச் சொற்றொடர் பிறந்தது மூன்றாவது கேள்வியில்தான். 1920-களில் பென்னி லெனர்டைப் பற்றியே இப்படிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அது நிலைத்துப்போனது சுகர் ரே ராபின்சனால். 1946-இல் வெல்டர்வெயிட் (147 பவுண்டு) சாம்பியனாகி, பிறகு மிடில்வெயிட் (160 பவுண்டு) பட்டத்தை ஐந்து முறை வென்றவர் அவர். அந்தக் காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியன்தான் உலகின் முதல் வீரர் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஜோ லூயிஸ் ராபின்சனை அடித்து வீழ்த்திவிடுவார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் கையும் காலும் கண்ணும் சேர்ந்து இயங்கும் அழகில் ராபின்சன் ஒரு படி மேலே என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. அந்தத் தோற்றத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

பெயர் நல்ல பெயர்தான். கேள்விதான் கற்பனைக் குதிரை. உசிக்கை 55 கிலோவுக்குச் சுருக்கினால் அவர் உசிக்காக இருக்கமாட்டார். உடல் பெரிதாகும்போது எடை கன அளவில் கூடுகிறது. தசையின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அந்த வேகத்தில் கூடாது. சிறிய உடல்கள் இயல்பாகவே சுறுசுறுப்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். இனோவேயை 100 கிலோவுக்கு ஊதிப் பெருக்கினால் அந்த இடது கொக்கிக் குத்து அதே வேகத்தில் வராது. ஆகவே மூன்றாவது கேள்வியை இரவு அரட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு முதல் கேள்வியையோ இரண்டாவதையோ எடுத்து, தாளின் தலையில் எழுதிவிடுங்கள். நான் முதலில் போட்ட பட்டியலில் இதைச் செய்யவில்லை. முகமது அலியும் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஓர் இளம் ஃப்ளைவெயிட்டும் (112 பவுண்டு வீரர்) அடுத்தடுத்த இடங்களில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இரண்டாம் படி: எடை ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இன்று பொதுவாக 17 எடைப்பிரிவுகள் உள்ளன. கீழே 105 பவுண்டு மினிமம்வெயிட்டில் தொடங்கி 108, 112, 115, 118, 122, 126, 130, 135, 140, 147, 154, 160, 168, 175, 200 என்று ஏறி, அதற்கு மேல் எல்லையே இல்லாத ஹெவிவெயிட்டில் முடிகிறது. பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 2020-இல் 224 பவுண்டுக்கு இன்னொரு படியைச் செருகியது. அதை நான் கண்டுகொள்வதில்லை.

பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். படிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். 115-லிருந்து 118-க்கு மூன்று பவுண்டு. 147-லிருந்து 154-க்கு ஏழு. 175-லிருந்து 200-க்கு இருபத்தைந்து. இதைச் சதவீதமாக மாற்றினால்தான் படம் தெளிவாகும். முதலாவது ஏற்றம் 2.6 சதவீதம், இரண்டாவது 4.8, மூன்றாவது 14.3. 'இவர் ஐந்து பிரிவுகளில் சாம்பியன், அவர் இரண்டில்தான்' என்று யாராவது சொன்னால், எந்த ஐந்து, எந்த இரண்டு என்று கேளுங்கள். கீழ்ப்பகுதியில் மூன்று படி ஏறுவதும் மேல்பகுதியில் ஒரு படி ஏறுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. இனோவே 108-இல் பட்டம் வென்று 122 வரை வந்திருக்கிறார். டெரன்ஸ் கிராஃபர்ட் 2025 செப்டம்பரில் கனேலோ ஆல்வரெஸை எதிர்கொள்ள 154-லிருந்து 168-க்கு ஒரே தாவலில் போனார். தராசில் இரண்டுமே 14 பவுண்டுதான். ஆனால் இனோவேயின் உடலுக்கு அது 13 சதவீதம், கிராஃபர்டுக்கு 9 சதவீதம். அதே சமயம் இனோவே அதைப் பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்தார். கிராஃபர்ட் ஒரே சண்டையில் செய்தார். இரண்டு உண்மையையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்கப் பழகிக்கொண்டால் நீங்கள் பாதி தேறிவிட்டீர்கள்.

தராசு சொல்லும் எடை, சண்டைக்கு முந்தைய நாளின் எடை என்பதையும் மறக்கக்கூடாது. வீரர்கள் உடலிலுள்ள நீரை வற்றவைத்து எல்லைக்குள் இறங்குகிறார்கள், எடை பார்த்த அடுத்த நிமிடமே குடிக்கவும் உண்ணவும் தொடங்குகிறார்கள். மறுநாள் மேடையில் ஏறுவது வேறொரு உடல். 2014 மார்ச்சில் வாசில் லோமச்சென்கோ தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு ஆர்லாண்டோ சாலிடோவுடன் மோதினார். எல்லை 126 பவுண்டு. சாலிடோ அதைத் தொடவே இல்லை, இரண்டு பவுண்டுக்கு மேல் கூடுதலாக வந்து பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, தராசிலேயே இழந்தார். சண்டை இரவில் அவர் 147, லோமச்சென்கோ 136. புள்ளிக் கணக்கில் லோமச்சென்கோ தோற்றார். பதிவேட்டில் அது ஒரு 'தோல்வி', அவ்வளவுதான். எடையைப் பற்றி அங்கே ஒரு வரி இருக்காது.

பெல்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள், ஆளுக்கொரு சாம்பியன், சில சமயம் ஒரே அமைப்புக்கு ஒரே பிரிவில் இரண்டு சாம்பியன்கள்கூட. ஒருவரிடம் நான்கும் இருந்தால் மதியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், அதை யாரிடமிருந்து வாங்கினார் என்று பாருங்கள். காலியாகக் கிடந்த பெல்ட் என்றால் அதற்காகப் பட்டியலில் இடம் தராதீர்கள்.

மூன்றாம் படி: நோட்டுப் புத்தகம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு வீரரை எடுத்துக்கொண்டு, அவருடைய மிகச் சிறந்த ஐந்து வெற்றிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: எதிராளி யார், அந்த நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார், எடை யாருக்குச் சாதகம், எப்படி முடிந்தது. இரண்டாவது கட்டம்தான் உயிர். பெயரை மட்டும் எழுதி ஏமாறுபவர்கள் ஏராளம்.

ரொபெர்த்தோ துரானை எடுத்துக்கொள்வோம். 1980 ஜூன் 20, மான்ட்ரியல். எதிராளி சுகர் ரே லெனர்ட். அந்த நேரத்தில் 27 சண்டை, 27 வெற்றி, வெல்டர்வெயிட் சாம்பியன், இளமையின் உச்சம். துரானோ 1972 முதல் 1979 வரை 135 பவுண்டு லைட்வெயிட்டில் சாம்பியனாக இருந்துவிட்டு மேலே வந்தவர். எடை லெனர்டுக்குச் சாதகம். 15 ரவுண்டு, புள்ளிக் கணக்கில் துரான் வெற்றி. நான்கு கட்டமும் பளிச்சென்று நிரம்புகிறது. இப்படி ஒரு வரி ஒருவரிடம் இருந்தால், அதன் பிறகு அவர் தோற்ற பல சண்டைகளை நீங்கள் மன்னிக்கலாம். துரான் நிறையவே தோற்றார். ஐந்தே மாதத்தில் அதே லெனர்டிடம் சண்டையின் நடுவே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதும் அவர்தான்.

இப்போது அதே நான்கு கட்டத்தை ஃபிளாய்ட் மேவெதரின் ஐம்பதாவது வெற்றிக்கு நிரப்பிப் பாருங்கள். 2017, எதிராளி கோனார் மெக்ரிகர். கலப்புத் தற்காப்புக் கலையில் நட்சத்திரம்தான். ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருடைய முதல் சண்டை. 50-0 என்ற எண் அழகாக இருக்கிறது, ஆனால் அந்த ஐம்பதாவது பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறது. இதனால் மேவெதர் சாதாரணமானவர் என்று நான் சொல்லவில்லை. ஐந்து எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற அவருடைய சிறந்த ஐந்து வரிகள் மிக வலுவானவை. '50-0' என்பதை வாதமாக வைப்பவர் அந்த ஐந்து வரிகளைப் படிக்காதவர் என்றுதான் சொல்கிறேன். வில்லி பெப் 241 சண்டைகளில் 229-இல் வென்றார். தொடக்கத்தில் 62 வெற்றிகள் தொடர்ச்சியாக. அவரிடம் 11 தோல்விகள் இருக்கின்றன. அதற்காக அவரைக் கீழே இறக்குவீர்களா?

இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. 'அ' என்பவர் 'ஆ'-வை வென்றார், 'ஆ' 'இ'-யை வென்றார், ஆகவே 'அ' 'இ'-யைவிடப் பெரியவர். கணக்குப் பாடத்தில் சரி. 1984-இல் தாமஸ் ஹெர்ன்ஸ், துரானை இரண்டே ரவுண்டில் முகம் குப்புற வீழ்த்தினார். 1988-இல் ஐரன் பார்க்லி, ஹெர்ன்ஸை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தார். அப்படியானால் பார்க்லி துரானைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் அல்லவா? 1989 பிப்ரவரியில், 37 வயதான துரான் பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். பாணிக்குப் பாணி பொருந்துவதும் பொருந்தாததும் இந்த விளையாட்டின் அடிப்படை. சங்கிலி வாதத்தை யார் தொடங்கினாலும் இந்த மூவர் பெயரைச் சொல்லுங்கள். நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன், இன்னும் தேய்ந்துபோகவில்லை.

நான்காம் படி: எடை ஏறியதற்கு எவ்வளவு மதிப்பெண்?

மேலே ஏறி வெல்வதுதான் இந்தப் பட்டியலின் நாணயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

மேனி பக்கியாவோ எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 1998-இல் 112 பவுண்டில் தொடங்கி 2010-இல் 154 பவுண்டு பட்டம் வரை. வேறெவரும் செய்யாத காரியம். கடைசிப் பட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எதிராளி அந்தோனியோ மார்கரிட்டோ. பட்டம் 154 பவுண்டுக்கானது, ஆனால் ஒப்பந்த எடை 150. அதுதான் கேட்ச்வெயிட், இருவரும் பேசி வைத்துக்கொள்ளும் இடைப்பட்ட எடை. பட்டமோ காலியாகக் கிடந்தது. பக்கியாவோ தராசில் காட்டியது 144.6. ஆக, '154 பவுண்டு சாம்பியன்' என்ற வார்த்தையில் கொஞ்சம் காற்று இருக்கிறது என்று எதிர்வாதம் செய்பவர் சொல்வார். உடனே நீங்கள் மறுபக்கத்தைத் திருப்புங்கள்: சண்டை இரவில் மார்கரிட்டோ சுமார் 165, பக்கியாவோ 148. பதினேழு பவுண்டு பெரிய ஆளை 12 ரவுண்டு அடித்துத் துவைத்தார். பெல்ட்டின் மதிப்புக் குறைகிறது, வெற்றியின் மதிப்புக் கூடுகிறது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

அதே பக்கியாவோ 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை எட்டு ரவுண்டில் நிறுத்தினார். பெயர் பெரிது. நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் கட்டம் என்ன சொல்கிறது? டி லா ஹோயா ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு 147-க்கு இறங்கி வந்திருந்தார், உடலில் சாரமே இல்லை. பெரியவரைத் தோற்கடிப்பது வேறு, பட்டினி போட்டுச் சிறிதாக்கப்பட்ட பெரியவரைத் தோற்கடிப்பது வேறு. இந்த வெற்றியை நான் முதல் ஐந்தில் வைப்பதில்லை. வைப்பவர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏறித் தோற்பதற்கும் மதிப்புண்டு. 1952 ஜூன் 25, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியன் ராபின்சன், லைட் ஹெவிவெயிட் (175 பவுண்டு) சாம்பியன் ஜோயி மாக்சிமை எதிர்த்து மேடையேறினார். வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. பத்தாவது ரவுண்டோடு நடுவரே தாங்கமாட்டாமல் விலக, வேறொரு நடுவர் வந்தார். மூன்று புள்ளித் தாள்களிலும் ராபின்சன் முன்னிலையில் இருந்தார். பதினான்காவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது அவரால் எழ முடியவில்லை. பதிவேட்டில் அது நாக் அவுட் தோல்வி. ராபின்சனை நிறுத்த முடிந்த ஒரே சண்டை, நிறுத்தியது வெயில். என் புத்தகத்தில் அது பாதி வெற்றி.

ஏறியவர் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதும் கணக்கில் சேரும். ராய் ஜோன்ஸ் ஜூனியர் 193 பவுண்டோடு 2003 மார்ச்சில் 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் அதைச் செய்தது 1897-இல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்குப் பிறகு அதுதான் முதல்முறை. பிறகு தசையைக் கரைத்து 175-க்குத் திரும்பினார். 2004 மே மாதம் அந்தோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் ஒரே இடக்கைக் குத்தில் முடித்தார். 'இன்று யார் சிறந்தவர்' பட்டியல் போடுபவர் அன்று இரவே அவரை இறக்க வேண்டும். 'மொத்த வாழ்க்கை' பட்டியல் போடுபவர் பேனாவைத் தொடவே தேவையில்லை. முதல் படியில் கேள்வியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: ஏற முடியாதவர்களுக்கு நியாயம்

ஏறுவதற்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஹெவிவெயிட்டுகள் பாவம். அவர்களுக்கு மேலே வானம்தான். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தார். ஒரே பிரிவில் நின்று வந்தவர்களையெல்லாம் அடித்து அனுப்புவது, நான்கு பிரிவுகளில் ஆளுக்கொரு சாம்பியனைத் தேடிப் பிடிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. உசிக்குக்கு ஒரு வசதி இருந்தது. 2018-இலேயே க்ரூஸர்வெயிட்டின் (200 பவுண்டு) நான்கு பெல்ட்டுகளையும் சேர்த்துவிட்டு ஏறியவர், ஹெவிவெயிட்டுக்குள்ளேயும் தன்னைவிடப் பெரியவர்களோடுதான் மோதுகிறார். 2024 டிசம்பரில் ஃபியூரியுடன் நடந்த மறுசண்டைக்கு முன் தராசில் ஒருவர் 226, மற்றவர் 281.

கீழ்க்கோடியில் இருப்பவர்களின் சிக்கல் வேறு: யாரும் பார்ப்பதில்லை. ரிக்கார்டோ லோப்பஸ் மினிமம்வெயிட்டில் எட்டு ஆண்டுகள் ஆண்டு, 51 வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றார். அவர் கால் வைக்கும் விதத்தைப் பார்த்துப் பாடம் படிக்கலாம். ஆனாலும் அவர் பெயர் பெரும்பாலான பட்டியல்களில் வராது. சின்ன உடல்களின் சண்டை தொலைக்காட்சியில் முன்னதாகவே போட்டு முடிக்கப்பட்டுவிடும், அவ்வளவுதான் காரணம். உங்கள் பட்டியலில் 118 பவுண்டுக்குக் கீழே ஒருவரும் இல்லையென்றால், அப்படி ஒருவரும் இல்லை என்று அர்த்தமல்ல, நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆறாம் படி: பழைய காலத்தோடு ஒப்பிடும்போது

'மொத்த வாழ்க்கை' பட்டியல் போடுபவர்கள் இதைத் தாண்டாமல் இருக்க முடியாது. 1938-இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர்வெயிட் (126 பவுண்டு), லைட்வெயிட், வெல்டர்வெயிட் ஆகிய மூன்று பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அன்று புகழ்பெற்றிருந்த பிரிவுகள் எட்டுதான், பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்பதே வழக்கம். இன்று பதினேழு பிரிவு, பிரிவுக்கு நான்கு பெல்ட். அன்றைய மூன்றை இன்றைய மூன்றோடு வைத்துப் பார்ப்பது மலையையும் மடுவையும் ஒப்பிடுவது. ரவுண்டுகளும் மாறின. 1982-இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ சண்டையில் பட்ட காயத்தால் இறந்த பிறகுதான் 15 ரவுண்டு படிப்படியாக 12 ஆனது. கடைசி மூன்று ரவுண்டில் உயிர்பெற்று வென்றவர்கள் அன்று உண்டு. இன்று அவர்களே தோற்றிருப்பார்கள்.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று. பட்டங்களை மட்டும் எண்ணுபவர், பட்டத்துக்கு மோதவே விடப்படாதவர்களை இரண்டாம் முறையும் தண்டிக்கிறார். சார்லி பர்லி 1940-களின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். உலகப் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சாம் லாங்ஃபர்ட் லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை போய் மோதியவர். ஜாக் ஜான்சன் சாம்பியன் ஆவதற்கு முன் அவரோடு மோதினார், ஆன பிறகு மோதவில்லை. பர்லி, லாங்ஃபர்ட் இருவரும் கறுப்பினத்தவர்கள். அவர்களோடு மோதினால் தோல்வி நிச்சயமில்லாவிட்டாலும் அடி நிச்சயம், வசூலும் குறைவு என்று சாம்பியன்கள் நழுவினார்கள். எசார்ட் சார்ல்ஸ், ஆர்ச்சி மூரை மூன்று முறை வென்றும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆகவே இல்லை. அந்தப் பிரிவில் வரலாற்றிலேயே சிறந்தவர் அவர்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்.

பழையவர்களைப் பற்றிப் பேசும்போது எதைக் கண்ணால் பார்த்தீர்கள், எதைக் கேள்விப்பட்டீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஹாரி கிரெப் 1922-இல் ஜீன் டன்னியை வென்றார். டன்னி வாழ்நாளில் தோற்றது அந்த ஒரே முறை. கிரெப் மோதிய சண்டைகள் ஏறக்குறைய 300. அவற்றில் ஒன்றின் படச்சுருள்கூட இன்று கையில் இல்லை. அவரை முதல் ஐந்தில் வைப்பது தவறல்ல, 'அவருடைய காலசைவே தனி' என்று நேரில் பார்த்ததுபோல் பேசுவதுதான் நகைப்புக்கு இடம் தரும்.

பெண்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். அவர்களின் பட்டச் சண்டை பெரும்பாலும் இரண்டு நிமிட ரவுண்டாகப் பத்து, ஆண்களுக்கு மூன்று நிமிட ரவுண்டாகப் பன்னிரண்டு. சில எடைகளில் போட்டியாளர்களும் குறைவு. அமண்டா செரானோ ஏழு பிரிவுகளில் பட்டம் வென்றதையும், கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் மூன்று பிரிவுகளில் எல்லா பெல்ட்டுகளையும் சேர்த்ததையும் அந்தச் சூழலுக்குள் வைத்து எடை போட்டால்தான் அவர்களுக்கும் மரியாதை. அங்கேயும் அதே நோட்டுப் புத்தகம், அதே நான்கு கட்டம்.

கடைசிப் படி: எழுதுங்கள், தேதி போடுங்கள், கண்ணைத் தீட்டுங்கள்

பத்துப் பேருக்குப் போகாதீர்கள். ஐந்து போதும். இதழ்கள் போடும் பட்டியலிலேயே ஏழாம் இடத்துக்குக் கீழே பெரும்பாலும் அந்த மாதத்து மனநிலைதான் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு காரணம், ஒரு வரியில். தாளின் மூலையில் தேதி. யாராவது ஓர் ஆண்டுக்கு மேல் சண்டையே போடாமல் இருந்தால் 'இன்று' பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என் வழக்கம், எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் சரி.

நான் கிராஃபர்ட், உசிக், இனோவே மூவரையும் 2025 செப்டம்பர் நிலவரப்படி வைத்துப் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கிராஃபர்டின் சிறந்த இரண்டு வரிகள்: 2023-இல் எரால் ஸ்பென்ஸை மூன்று முறை கீழே தள்ளி ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தியது, 2025-இல் இரண்டு பிரிவு மேலே போய் கனேலோவைப் புள்ளிக் கணக்கில் வென்றது. இரண்டாம் கட்டத்தில் இரண்டுக்கும் குறை சொல்லலாம்; ஸ்பென்ஸ் எடை இறக்க வெகுவாகத் திணறுபவர், கனேலோ உச்சத்தைத் தாண்டியவர். உசிக்கின் வரிகளில் அந்தக் குறை குறைவு, எடை ஒவ்வொரு முறையும் அவருக்கு எதிராகவே இருந்திருக்கிறது. இனோவே முடிக்கும் விதத்தில் மற்ற இருவரையும் மிஞ்சுகிறார், எதிராளிகளின் தரத்தில் ஒரு படி பின்தங்குகிறார். எனக்கு உசிக், கிராஃபர்ட், இனோவே என்று வந்தது. எடைத் தாவலுக்கு என்னைவிட அதிக மதிப்பெண் தருபவருக்கு கிராஃபர்ட் முதலில் வருவார். அவரோடு எனக்கு வழக்கில்லை; காரணம் எழுதப்பட்டிருக்கிறது, அது போதும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது, ஒரு ரவுண்டை யார் வென்றார் என்று சொல்லத் தெரிவது. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, தோற்றவர் ஒருமுறை விழுந்திருந்தால் 8. வர்ணனையின் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர்கள் தங்களுக்குப் பிடித்தவரின் குத்தை மட்டும் எண்ணுவார்கள். கூட்டத்தின் கூச்சலும் வேண்டாம், தடுக்கப்பட்ட குத்துக்கும் அது எழும். கைகளைவிடக் கால்களைப் பாருங்கள்: யார் நிற்க விரும்பும் இடத்தில் சண்டை நடக்கிறது? கடைசி அரை நிமிடத்தில் ஒருவர் சரமாரியாக அடித்து ரவுண்டைத் திருடப் பார்த்தால், அதற்கு முந்தைய இரண்டரை நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சியாக, 1987 ஏப்ரல் 6-ஆம் தேதி லாஸ் வேகாஸில் மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லெனர்டும் மோதிய மிடில்வெயிட் சண்டையை எடுங்கள். லெனர்ட் கீழ் எடையிலிருந்து வந்தவர், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மேடை ஏறாதவர். 12 ரவுண்டுக்கும் புள்ளி போட்டு, கூட்டி, கீழே கோடு போட்ட பிறகு மட்டும் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

மேடையின் மூன்று பக்கத்திலும் உட்கார்ந்து அதே சண்டையைப் பார்த்த புள்ளி நடுவர்களில் ஒருவர் 115-113 என்று ஹேக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113-ஐ லெனர்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் லெனர்டுக்கு 118-110 கொடுத்தார். ஹேக்லர் அதன் பிறகு மேடை ஏறவே இல்லை. எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு ரவுண்டு இங்கும் அங்கும் மாறுகிறது. உங்களுக்கு எவ்வளவு வந்தது?